சாப்பிட்ட பிறகு வந்த வாரண்ட்

பதினாறு நாட்களாக எல்க்கானா ஸ்டாம்பர் தன் மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை. உப்பு வேண்டுமென்றால்கூட மனைவியைப் பார்த்துத்தான் சொல்வார்.

"மஹாலா, உம்மகன்கிட்ட சொல்லு. உப்பு இந்தப் பக்கம் வரட்டும்."

முப்பத்தோரு வயது ஃபாரிஸ், சட்டையில் துணை ஷெரிஃபின் தகரச் சின்னத்தைக் குத்திக்கொண்டு ஊரையே அதட்டுகிறவன், தலையைத் தூக்காமல் உப்புக் கிண்ணத்தை நகர்த்துவான்.

"வந்தாச்சு. எம்மகன் கொடுத்துட்டான்," என்பாள் மஹாலா. "அவனுக்கு அப்பா ஒருத்தர் இருந்தா அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் ஜட்ஜ் ரான்ஸ்டெல் இதையெல்லாம் கேட்டும் கேளாதவர்போல ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்பார். வருடத்துக்கு மூன்று முறை, மூன்று மூன்று வாரம், கோர்ட் கூடுவதற்காக அவர் கீழ்நாட்டுப் புல்வெளிப் பக்கத்திலிருந்து குதிரை வண்டியில் மலைக்கு வருவார். வந்தால் ஸ்டாம்பர் வீட்டில்தான் தங்குவார். இருபது வருடமாக அப்படித்தான். அந்த மாவட்டத்தில் ஜட்ஜ் தங்குகிற வீடு என்றால் அது சாதாரணப் பெருமை இல்லை. எல்க்கானா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

மகனோடு பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு வேளைச் சாப்பாடு.

கென்டக்கி மாநிலத்தில் மதுவிலக்கு வந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்த சமயம். செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் ஃபாரிஸ் ஜூரிக்கான அழைப்போலை ஒன்றைக் கொடுப்பதற்காக சால்ட்லிக் ஓடையோடு மேலே போனான். முந்தின இரவு மழை. ஓடையைக் கடக்க முடியுமா என்று விசாரிக்க, நடுவழியில் லைஜ் நேப்பியர் வீட்டுப் படலருகே நின்று குரல் கொடுத்தான். லைஜ் மக்காச்சோள விஸ்கி காய்ச்சுகிறவன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கே காய்ச்சுகிறான் என்று யாருக்கும் தெரியாது. அவன் மனைவி வெர்லி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். உச்சிவேளை. படலுக்கு வெளியே மனிதன் நிற்கிறான். மலைக்காரி என்ன சொல்வாளோ அதைச் சொன்னாள்.

"உள்ள வாப்பா, சாப்பிட்டுப் போ."

ஃபாரிஸ் உள்ளே போனான், சாப்பிட்டான். பிறகு கோவேறு கழுதைக்குத் தண்ணீர் காட்ட வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்றுக்குப் போனான். அங்கே அடித்த புளித்த வாடையை மூக்கில்லாதவன்கூடக் கண்டுபிடித்திருப்பான். புதருக்குள் இரண்டு பீப்பாய் ஊறல், ஒரு செம்பு அண்டா, சுருள் குழாய். பார்த்துவிட்டான். பார்த்த பிறகு கடமை. இரண்டு மைல் தள்ளியிருந்த மாஜிஸ்திரேட்டிடம் ஓடிப் போய் சோதனை வாரண்ட் வாங்கிக்கொண்டு வந்து லைஜைக் கைது செய்தான்.

அக்டோபர் கோர்ட்டில் விசாரணை நடந்தபோது எல்க்கானா தன் வழக்கமான இடத்தில், இடது ஜன்னலுக்கு அடியில் முதல் பெஞ்சில், நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத்தில் ஒரு கோர்ட்டும் அவர் தவறவிட்டதில்லை. மற்றவர்கள் தேவதாருக் குச்சியைச் சீவிக்கொண்டும் அரட்டை அடித்துக்கொண்டும் கேட்பார்கள். எல்க்கானா கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். லைஜின் வக்கீல் போட்டீட் எழுந்து ஃபாரிஸைக் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் அவர் காதில் அப்படியே தங்கிவிட்டன.

"வாரண்ட் எப்ப வாங்கினீங்க?"

"சாப்பிட்ட பிறகு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"பீன்ஸ். சோள ரொட்டி. மோர்."

"எத்தனை தடவை போட்டுக்கிட்டீங்க?"

"மூணு தடவை."

கோர்ட்டே சிரித்தது. லைஜ்கூடச் சிரித்தான்.

"தேடிப் பார்த்துக்கோன்னு அந்தம்மா சொன்னாங்களா?"

"இல்ல. உள்ள வா, சாப்பிடுன்னாங்க. யார் வந்தாலும் சொல்றதுதானே."

எல்க்கானா சிரிக்கவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன. ஒருவன் வீட்டில் கைநனைத்துவிட்டு, அவன் போட்ட சாப்பாடு வயிற்றில் இறங்குவதற்குள் அவனைப் பிடித்துக்கொண்டு போனவன் ஸ்டாம்பர் குடும்பத்துப் பிள்ளை! அதுவும் ஒரு கரண்டியோடு நிறுத்தவில்லை. மூன்று தடவை.

ஜூரி லைஜைக் குற்றவாளி என்றது. ஆறு மாதம் ஜெயில். போட்டீட் வக்கீல் அப்பீலுக்கு மனு போட்டு, லைஜை ஜாமீனில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

கோர்ட் முடிய இரண்டு நாள் இருந்தபோது, வெள்ளிக்கிழமை காலையில், அதே போட்டீட் எல்க்கானாவின் களஞ்சியத்து வாசலில் வந்து நின்றார். குள்ளமான மனிதர். பேசும்போது தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"எல்க்கானா மாமா, ஒரு கையெழுத்து வேணும்."

"யாருக்காக?"

"லைஜுக்காக."

"அவன் பன்னி என் உருளைக்கிழங்குக் காட்டைத் தோண்டின நாள்லேர்ந்து பதினோரு வருஷமா அவன் படலை நான் தாண்டலை. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் வந்தேன். நீங்க லைஜுக்கு வேண்டியவர்னு எவனும் சொல்ல முடியாது பாருங்க."

அவர் விஷயத்தைச் சொன்னார். இந்த முறை கோர்ட் சுருக்கெழுத்துக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் சாட்சிகள் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே என்ன சொன்னார்கள் என்பதை வக்கீல்கள் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். ஜட்ஜ் கையெழுத்திட்டால் அதுதான் மாநிலத் தலைநகர் ஃபிராங்க்ஃபோர்ட்டில் இருக்கிற அப்பீல் கோர்ட்டுக்குப் போகும். போட்டீட் ஒன்று எழுதினார். அரசு வக்கீல் வேறொன்று எழுதினார். ஜட்ஜ் ரான்ஸ்டெல் அரசு வக்கீலுடையதில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு. அன்னிக்கு கோர்ட்ல இருந்த ரெண்டு பேர், வழக்குல சம்பந்தமில்லாதவங்க, ஜட்ஜ் எழுதினது சரியில்லை, நடந்தது இதுதான்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடலாம். அருகில் நின்றவர்னு சட்டத்துல பேரு."

"நான் நின்னதே இல்லை. முப்பது வருஷமா உட்கார்ந்துதான் கேக்கறேன்."

"உட்கார்ந்தாலும் செல்லும் மாமா. ஒரு கையெழுத்து வாங்கிட்டேன். டெல்ஃபி ரோர்க்."

டெல்ஃபி கோர்ட் படிக்கட்டில் கேக் விற்கிற விதவை. குளிர ஆரம்பித்தால் அடுப்புச் சூட்டுக்காக உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள்.

"நாளைக்கு உச்சிக்குள்ள ரெண்டாவது கையெழுத்து இல்லேன்னா லைஜ் உள்ள போயிடுவான். ஒவ்வொருத்தர் வீடா போய்க் கேட்டுட்டேன். ஜட்ஜை எதிர்த்து எவனும் போட மாட்டேங்கறான்."

"நானும் மாட்டேன். ஜட்ஜ் என் வீட்ல தங்கியிருக்கார். அதோட, எம்மகன் அடுத்தவன் வீட்ல மூணு தடவை வாங்கித் தின்னதை ஃபிராங்க்ஃபோர்ட் வரைக்கும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா? அந்தத் தீர்ப்பையெல்லாம் புஸ்தகமா அச்சடிக்கிறாங்க, தெரியுமில்ல? நூறு வருஷம் கழிச்சும் எவனாவது படிப்பான்."

போட்டீட் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். "ஜட்ஜ் கையெழுத்துப் போட்டதுக்கு ஒரு நகல் வச்சிருக்கேன். படிச்சுட்டு மாட்டேன்னு சொல்லுங்க. போயிடறேன்."

எல்க்கானா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பீன்ஸ் இல்லை. மோர் இல்லை. சாப்பாடே இல்லை. ஒரே ஒரு வரி: வீட்டுக்காரி அனுமதி கொடுத்ததன் பேரில் தான் உள்ளே சென்று தேடியதாகத் துணை ஷெரிஃப் ஃபாரிஸ் ஸ்டாம்பர் சாட்சி சொன்னார்.

அவர் அதை மூன்று முறை படித்தார். முதல் முறை நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டு அவமானம் காகிதத்தில் ஏறவில்லை. இரண்டாம் முறை ஏதோ உறுத்தியது. மூன்றாம் முறைதான் புரிந்தது: இந்தக் காகிதத்தில் அவர் மகன் பொய் சொல்லியிருக்கிறான். பைபிளில் கை வைத்துவிட்டு, ஊரே கேட்க, வெர்லி சொல்லாததைச் சொன்னாள் என்று சொல்லியிருக்கிறான்.

"நகல் இங்கயே இருக்கட்டும்," என்றார்.

"நாளைக்கு உச்சிவேளை, மாமா."

"ரெண்டாம் தடவை சொல்ல வேண்டாம். எனக்குக் காது கேக்கும்."

அன்று முழுவதும் அவர் விறகு பிளந்தார். தேவைக்கு மேல் பிளந்தார். மாலையில் மஹாலா வந்து குவியலைப் பார்த்துவிட்டு, "மூணு குளிர்காலம் சேர்ந்தாப்ல வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ஜட்ஜ் அன்று மாலை ஊருக்குக் கிளம்புகிறார் என்பதால், காய்ந்த ஆப்பிளை மசித்துப் பூசிய ஏழு அடுக்குக் கேக்கை மஹாலா காலையிலேயே மேசையில் வைத்திருந்தாள். அவருக்கு அது உயிர்.

"ஜட்ஜ் ஐயா," என்றார் எல்க்கானா. "இருபது வருஷமா இந்த மேசைல சாப்பிடறீங்க."

"கேக்குக்காகவே இன்னொரு இருபது வருஷம் வருவேன்."

"உள்ள வாங்க, சாப்பிடுங்கன்னு முதல் நாள் படல்கிட்ட வந்து கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அன்னிக்கு நான் சொன்னதுக்கு, எம்பொண்டாட்டி பெட்டியைத் திறந்து கிளறிப் பாத்துக்கோங்கன்னு அர்த்தமா?"

ஜட்ஜின் முள்கரண்டி கேக்குக்கு மேலே அப்படியே நின்றது. ஃபாரிஸின் முகம் வெளுத்தது.

"அப்பா..."

"மஹாலா, உம்மகனைக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லு."

ஜட்ஜ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எல்க்கானா, எங்க ஊர்ப் பக்கம் தெரியாதவனை யாரும் உள்ள வான்னு கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா, அது அனுமதிதான். சட்டத்துல அதுக்கு அதான் பொருள். அந்தப் பொருளை எழுதியிருக்கேன். பீன்ஸும் மோரும் எதுக்கு அப்பீல் கோர்ட்டுக்கு?"

"இங்க கூப்பிடுவோம். கடன்காரன் வந்தாலும் கூப்பிடுவோம். பொருள் என்னன்னு ஃபிராங்க்ஃபோர்ட்ல இருக்கவங்க சொல்லட்டும், அதுக்குத்தான் அவங்க இருக்காங்க. எம்மகன் என்ன சொன்னான்ங்கறது வேற விஷயம். அதை நான் கேட்டேன்."

"அதுல நீ கையெழுத்துப் போட்டா, நான் பொய் எழுதினேன்னு ஆகும்."

"தப்பா எழுதினீங்கன்னு ஆகும். பொய்யின்னு சொல்றவன் என் வாசலுக்கு வரட்டும், பாத்துக்கறேன். உங்க தட்டு இந்த வீட்ல எப்பவும் இருக்கும், ஜட்ஜ் ஐயா. கேக் எடுத்துக்கோங்க."

ஜட்ஜ் எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ஃபாரிஸ்தான் வாயைத் திறந்தான். "அப்பா, வேணாம். ஒரு தடவை சொன்னதுக்கே கடைத்தெருவுல நடக்க முடியல. போற வர்றவனெல்லாம் மோர் வேணுமான்னு கேக்கறான். ஜட்ஜ் ஐயா எழுதினபடியே போகட்டும்."

எல்க்கானா பதினாறு நாளில் முதல் முறையாக மகனின் முகத்தைப் பார்த்தார்.

"ஏண்டா, கோர்ட்ல அப்படிச் சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"மூணு தடவைன்னு?"

"ஆமா."

"ஏன் சொன்ன? ஒரு தடவைன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"மூணு தடவைதானே சாப்பிட்டேன்."

எல்க்கானா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "இத்தனை நாள் கோபம் நீ தின்னதுக்குடா. சொன்னதுக்கில்லை. தின்னது அசிங்கம், அது நம்ம வீட்டு அசிங்கம், இருந்துட்டுப் போவுது. பொய் சொன்னான்ங்கற பேரு எந்த ஸ்டாம்பருக்கும் காகிதத்துல ஏறினதில்லை. உனக்கும் ஏறாது." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என் கோட்டு எங்க?"

"கதவுக்குப் பின்னால," என்றாள் மஹாலா. "காலைலயே தூசி தட்டி வச்சுட்டேன்."

கோர்ட் அலுவலகத்தில் போட்டீட்டும் டெல்ஃபியும் காத்திருந்தார்கள். டெல்ஃபி கேக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே," என்றாள். "நான் ஒருத்தியே அருகில் நின்னுக்கிட்டு இருக்கேன். கால் வலிக்குது."

போட்டீட் எழுதி வைத்திருந்ததை எல்க்கானா வரிவரியாகப் படித்தார். பிறகு காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

"மூணு தடவைங்கறதைக் காணோமே?"

போட்டீட் தயங்கினார். "உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன், மாமா. வழக்குக்கு அது தேவையில்லை."

"அவன் சொன்னான். நான் கேட்டேன். பாதியை விட்டுட்டு மீதிக்கு சத்தியம் பண்ண மாட்டேன். எழுதுங்க."

"வெண்ணெயையும் போடச் சொல்லுங்கண்ணே," என்றாள் டெல்ஃபி.

"வெண்ணெயைப் பத்தி யாரும் சொல்லலை."

"ரொட்டிக்கு வெண்ணெய் இல்லாமலா வெர்லி போடுவா?"

"டெல்ஃபி, சொன்னதுக்குத்தான் சாட்சி. சொல்லாததுக்கு இல்லை."

போட்டீட் ஓரத்தில் எழுதிச் சேர்த்தார். எல்க்கானா பைபிளில் கை வைத்தார். கையெழுத்தைப் பெரிதாக, எந்த எழுத்தும் இன்னொன்றோடு ஒட்டாதபடி போட்டார். ஜன்னல் வழியே மணிக்கூண்டு தெரிந்தது. உச்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

வீடு திரும்பியபோது, மாலையில் கிளம்ப வேண்டிய ஜட்ஜின் வண்டி அதற்குள் போயிருந்தது. கேக்கில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் காணோம்.

"எழுந்து போகும்போது எடுத்துக்கிட்டார்," என்றாள் மஹாலா. "ஒண்ணும் பேசலை. ஆனா சின்னத் துண்டா எடுக்கலை."

குளிர்காலம் போயிற்று. பிப்ரவரிக் கோர்ட்டுக்கு ஜட்ஜ் வருவாரா, வேறெங்காவது தங்குவாரா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. எல்க்கானாவும் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காததுபோல. ஞாயிற்றுக்கிழமை மாலை படலுக்கு வெளியே வண்டி நின்றது. ஜட்ஜ் இறங்கி, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை நின்றார்.

"உள்ள வாங்க, சாப்பிடலாம்," என்றார் எல்க்கானா.

"சாப்பிட மட்டும்தான் வர்றேன்," என்றார் ஜட்ஜ். அவர் கையிலிருந்த பெட்டியை எல்க்கானா வாங்கிக்கொண்டார்.

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. போட்டீட் அச்சடித்த தாள்களைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மழையில் வந்தார். லைஜின் தண்டனை ரத்து. மேசைக்குக் கூப்பிடுவது வீட்டைச் சோதிப்பதற்கு அனுமதி ஆகாது. வாரண்ட் இல்லாமல் கண்டதை வைத்து வாங்கிய வாரண்டும் செல்லாது. அப்படிக் கிடைத்த சாட்சியத்தை ஜூரி முன் வைத்திருக்கக் கூடாது.

எல்க்கானா தாள்களை விரல் வைத்து மேலிருந்து கீழ் வரை தேடினார். கடைசி வரை போய்விட்டு மறுபடி முதலுக்கு வந்தார்.

"பேரைக் காணோமே?"

"யார் பேரை மாமா?"

"எம்மகன் பேரு. எம்பேரு."

"ஒரு துணை ஷெரிஃப்னு போட்டிருக்காங்க பாருங்க. இங்க, சந்தேகிக்கக் காரணமில்லாத இரு பார்வையாளர்கள்னு போட்டிருக்காங்க. அது நீங்களும் டெல்ஃபியும்தான்."

"குளிர்காலம் பூரா இதை நினைச்சுத் தூங்காம கிடந்தேன்," என்றார் எல்க்கானா. குரலில் நிம்மதியைவிட மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது. "போட்டிருக்கலாம். ஒரு வரிதானே."

மஹாலா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "நிறைவாக உணவருந்திய பின்னர்னு போட்டிருக்காங்களே, அது என்ன?"

"அதான் மூணு தடவை," என்றார் போட்டீட்.

"எவ்வளவு மரியாதையாச் சொல்லிட்டாங்க!" என்று சொல்லிவிட்டு மஹாலா ஏப்ரன் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அவள் சிரிப்பது வெளியே கேட்டது.

அடுத்த ஞாயிறு உச்சிவேளையில் எல்க்கானா கோட்டைப் போட்டுக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு, சால்ட்லிக் ஓடையோடு மேலே நடந்தார். ஃபாரிஸின் சட்டையில் தகரச் சின்னம் இல்லை. அப்பா கழற்றச் சொல்லவில்லை. அவனே கழற்றி வைத்திருந்தான். நேப்பியர் படலருகே வந்ததும் எல்க்கானா நின்று, பதினோரு வருடத்துக்குப் பிறகு, குரல் கொடுத்தார்.

லைஜ் வாசலுக்கு வந்தான். முதலில் எல்க்கானாவைப் பார்த்தான். பிறகு ஃபாரிஸைப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "வெர்லி, பீன்ஸ் நிறைய இருக்கா?" என்றான்.

"இவங்கதான் வர்றாங்கன்னா இன்னொரு பானை வைக்கணும்," என்றது உள்ளிருந்து குரல். "உள்ள வாங்க மாமா, சாப்பிட்டுப் போங்க!"

லைஜ் படலைத் திறந்து பிடித்துக்கொண்டான். "மாமா, அந்தப் பன்னி செத்தே ஒன்பது வருஷம் ஆச்சு."

"தெரியும். நல்ல ருசின்னு கேள்விப்பட்டேன்."

"உங்க உருளைக்கிழங்கு தின்னு வளர்ந்ததாச்சே."

எல்க்கானா மீசைக்குள் ஏதோ செய்தார். அது சிரிப்பாக இருக்கலாம்.

ஃபாரிஸ் படலுக்கு வெளியிலேயே நின்றான். "லைஜ் அண்ணே, ஒண்ணு சொல்லிட்டு உள்ள வர்றேன். நான் இன்னும் துணை ஷெரிஃப்தான்."

"சரி, நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. பேப்பரோட வந்தா, வீட்ல சாப்பிட்டுட்டு வா. பசியோட வந்தா, பேப்பர் இல்லாம வா."

"பேப்பரோட வந்தா இந்தப் படல்கிட்ட நின்னு சத்தமாப் படிப்பேன். உள்ள ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"சரி. இப்ப வா, ஆறிடும்."

மூன்று ஆண்களும் உட்கார்ந்தார்கள். வெர்லி பரிமாறினாள். சோள ரொட்டிக்கு வெண்ணெய் இருந்தது. டெல்ஃபி சொன்னது சரிதான் என்று எல்க்கானா மனதில் குறித்துக்கொண்டார். திறந்திருந்த பின்கதவு வழியாக ஊற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. அதில் லேசாக ஒரு புளிப்பு. லைஜ் மெதுவாக எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். ஃபாரிஸ் மூக்கைத் தட்டுக்குள்ளேயே வைத்திருந்தான்.

அவன் தட்டு காலியாகக் காலியாக வெர்லி போட்டுக்கொண்டே இருந்தாள். நாலாவது முறை கரண்டியைத் தூக்கியவள் அப்படியே நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இதையும் கோர்ட்ல போய்ச் சொல்லுவியா?"

ஃபாரிஸின் காது சிவந்தது. பதில் எல்க்கானாவிடமிருந்து வந்தது.

"கேட்டா சொல்லுவான்," என்றார் அவர், முதுகை நிமிர்த்தி. பிறகு தன் தட்டையும் நீட்டினார். "எனக்கும் போடும்மா. இது ரெண்டாவதுதான்."